அப்பாவின் கண்ணும் ஆச்சியின் மறதியும்

போன மாசம் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ஏழு வருஷமா கிளாகோமாவுக்கு ராத்திரி ஒரு சொட்டு மருந்து விட்டுக்கிறார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்க்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பொட்டிக்குள்ள தலையை வச்சு வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா பட்டனை அமுக்கற பீல்ட் டெஸ்ட். டோக்கன் வாங்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்கும்போது திடீர்னு கேட்டார்.

"ஏல, கண்ணுல பிரஷர் இருக்கவனுக்கு மறதி நோயும் வருமாம்லா? வாட்ஸப்புல வந்துச்சு. ஆச்சிக்கு வந்தது எனக்கும் வந்திருமோ?"

இங்க கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். ஆச்சி (அப்பாவோட அம்மா) கடைசி ஆறு வருஷம் யாரையும் தெரியாமத்தான் இருந்தாங்க. சாயங்காலம் விளக்கு வைக்கற நேரமானா போதும், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிட்டு "நேரமாச்சு, வீட்டுக்குப் போவணும்"னு கிளம்பிருவாங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து இருந்த அதே வீட்டுல உக்காந்துகிட்டு! அப்பா அவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் தெருவை ஒரு சுத்து சுத்தி, மறுபடி அதே வாசல்ல கொண்டு வந்து விட்டு, "வீடு வந்துட்டும்மா"ன்னு சொல்வார். அப்பதான் உள்ள போவாங்க. ஆறு வருஷம், தினமும். அந்த மனுஷன் கேக்கற கேள்வி இது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா"ன்னு சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து மூணு வாரம் உக்காந்து படிச்சேன். அதான் இந்தப் பதிவு. (டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தை நிறுத்தவும் வேண்டாம், ஆரம்பிக்கவும் வேண்டாம்.)

கிளாகோமான்னா கண்ணுல பிரஷர், அவ்வளவுதான்னு நானும் நினைச்சிட்டிருந்தேன். முதல் ஆச்சரியமே அங்கதான். 1851ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள்ளே எட்டிப் பார்க்கற கருவியை வெளியுலகுக்குச் சொன்னார். அதுக்கப்புறம்தான் உயிரோட இருக்கற மனுஷனோட பார்வை நரம்பை டாக்டர்கள் முதன்முதலா பார்த்தாங்க. பெர்லின்ல ஆல்ப்ரெக்ட் ஃபான் கிரேஃபே அந்தக் கருவியை வச்சுக்கிட்டு, கிளாகோமாக்காரங்களோட நரம்பு கண்ணுக்குள்ள நுழையற இடம் கிண்ணம் மாதிரி குழிஞ்சு கிடக்கறதைக் கவனிக்கிறார். 1857ல், கருவிழிக்குப் பின்னால இருக்கற திரையில கொஞ்சம் வெட்டி எடுத்தா திடீர்னு தாக்குற கிளாகோமாவைக் காப்பாத்தலாம்னும் காட்டினார். பெரிய சாதனை. நாப்பத்திரண்டு வயசுல செத்துப் போயிட்டார் பாவம்.

ஆனா அதே ஆள் இன்னொண்ணும் எழுதி வச்சார். சில பேருக்கு நரம்பு குழிஞ்சிருக்கு, பார்வை போகுது, ஆனா கண்ணு கல்லு மாதிரி இறுகலைன்னு. சகாக்கள் நம்பலை. அந்தக் காலத்துல பிரஷர் பார்க்கறதுன்னா இமைமேல விரலை வச்சு அமுக்கிப் பார்க்கறதுதான். "உங்க விரலுக்குத் தெரியலைய்யா"ன்னு சொல்லிட்டா முடிஞ்சுது! 1905ல் நார்வேக்காரர் ஷியோட்ஸ் கையடக்கமா ஒரு அளவுக் கருவி செஞ்சார். அப்புறம் எல்லாமே எண்தான். 1958ல் ஜெர்மனியில லைட்ஹெக்கரும் கூட்டாளிகளும் பத்தாயிரம் பேரை அளந்து ஒரு கோடு கிழிச்சாங்க. இன்னிக்கும் உங்க ஊர் ஆஸ்பத்திரில 21க்கு மேலன்னா புருவத்தைத் தூக்கறாங்களே, அந்த 21 இப்படிக் கணக்குப் போட்டு வந்ததுதான். கண்ணு எந்த அளவுல கெட்டுப்போகுதுன்னு பார்த்து வச்ச கோடு இல்லை அது. பெரும்பாலான ஜனங்க எதுக்குள்ள இருக்காங்கன்னு பார்த்து வச்ச கோடு.

அந்தக் கோட்டோட வண்டவாளம் ஜப்பான்ல வெளில வந்துச்சு. தஜிமிங்கற ஊர்ல நடந்த ஆய்வு, 2004ல் வெளியாச்சு. கிளாகோமா இருந்தவங்கள்ல 92 சதவீதம் பேருக்கு பிரஷர் 21ஓ அதுக்குக் கீழேயோதான்! பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பியிருந்தா அத்தனை பேரும் "ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்க" கேஸ். ஆக கிரேஃபே விரல் சரியாத்தான் சொல்லியிருக்கு. பிரஷர் ஒரு காரணம், குறைச்சா நோயோட வேகம் குறையுது, அதுல சந்தேகமில்லை. ஆனா நோய் நடக்கற இடம் நரம்பு. பார்வை நரம்புங்கறது மூளைல இருந்து முன்னால நீட்டிக்கிட்டு வந்த ஒரு துண்டு. மத்த உறுப்பு நரம்பு மாதிரி அறுந்தா வளராது. அப்ப மூளைல நரம்பு சாகற நோய்க்கும் இதுக்கும் சொந்தம் இருக்குமோன்னு யாருக்கும் தோணத்தானே செய்யும்?

இப்ப ஜீன் கதைக்கு வருவோம்.

1993ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து ஆட்கள் (வால் ஷெஃபீல்ட், எட்வின் ஸ்டோன் குழு) இளவயசுலயே கிளாகோமா வர்ற ஒரு பெரிய குடும்பத்தை வச்சு, கோளாறு முதலாம் குரோமோசோம்ல இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. தெரு தெரிஞ்சுது, வீட்டு நம்பர் தெரியலை. வீட்டு நம்பர் வேற பக்கத்துல இருந்து வந்துச்சு. சில பேருக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டா கண் பிரஷர் எகிறும். (கண்ணு சிவந்தா மருந்துக்கடைல கேட்டு ஏதோ ஒரு சொட்டை மாசக்கணக்குல விட்டுக்கறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க. நம்ம ஊர்ல இதனாலயே பார்வை போனவங்க உண்டு.) ஏன் எகிறுதுன்னு பார்க்க சான் பிரான்சிஸ்கோவில் ஜான் போலன்ஸ்கியும் கூட இருந்தவங்களும் கண்ணோட வடிகால் சல்லடைல இருக்கற செல்களை வளர்த்து, ஸ்டீராய்டு ஊத்திப் பார்த்தாங்க. ஒரு புரதம் கன்னாபின்னான்னு சுரந்துச்சு. 1997ல் பார்த்தா, அயோவாக்காரங்க தேடின ஜீன் அதேதான். இப்ப அதுக்குப் பேர் மையோசிலின்.

பெரியவங்களுக்கு வர்ற சாதாரண கிளாகோமால நூத்துக்கு மூணு நாலு பேருக்குத்தான் இந்த ஜீன்ல கோளாறு. ஆனா இருக்கற குடும்பத்துல பிடுங்கி எடுத்துரும். வட பிரான்ஸ்ல கடற்கரையோரமா ஒரு வட்டாரம். அங்க பரம்பரையா கண்ணு போற குடும்பங்களைச் சர்ச் பதிவேடுகளை வச்சுப் பின்னால தேடிட்டே போனா, பதினஞ்சாம் நூற்றாண்டுல வாழ்ந்த ஒரு தம்பதில போய் நின்னுச்சாம். ஐந்நூறு வருஷம் ஒரே எழுத்துப் பிழை கைமாறி கைமாறி வந்திருக்கு! அடுத்த கூத்து என்னன்னா, அந்தச் சந்ததிகள் யார் யாருன்னு டாக்டர்களுக்குச் சொல்லி உஷார்ப்படுத்தலாம்னு ஆராய்ச்சிக்காரங்க நினைச்சப்போ, தனிமனுஷன் ரகசியம்னு அரசாங்கம் தடுத்துருச்சு. படிச்சப்போ கோபம் வந்துச்சு. இது சொட்டு மருந்துல நிறுத்தக்கூடிய நோய் ஆச்சே? மருந்தே இல்லாத நோய்னா நான் வேற மாதிரி யோசிப்பேன். அதுக்குப் பின்னால வர்றேன்.

மையோசிலின்ல கோளாறு எப்படி வேலை செய்யுதுங்கறதுதான் இந்தப் பதிவுக்கு முக்கியம். அந்த ஜீன் மொத்தமா இல்லாட்டி ஒண்ணும் ஆகறதில்லை. தப்பா இருந்தாத்தான் வினை. தப்பா மடிஞ்ச புரதம் வெளில போக முடியாம செல்லுக்குள்ளயே குமிஞ்சு, சல்லடை செல்லைக் கொல்லுது. வடிகால் அடைச்சு பிரஷர் ஏறுது. 2012ல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்ல ராக்கெல் லீபர்மன் குழு இந்தப் புரதம் அமிலாய்டு நாராகத் திரியும்னு காட்டினாங்க. அமிலாய்டு! அல்சைமர்ல மூளைக்குள்ள படியற வஸ்துவும் அமிலாய்டு வகைதான். புரதம் வேற, குப்பை சேர்ற விதம் ஒண்ணு.

2002ல் ரெண்டாவது ஜீன். கனெக்டிகட்ல மன்சூர் சர்ஃபராசியோட குழு. பிரஷரே ஏறாம கிளாகோமா வர்ற குடும்பங்கள்ல ஒரு ஜீனைப் பிடிச்சு, ஆப்டினியூரின்னு பேர் வச்சாங்க. கண்ணுக்கான ஜீன்னு நினைச்சு வச்ச பேர். எட்டு வருஷம் கழிச்சு, 2010ல், ஜப்பான்ல இருந்து ஒரு கட்டுரை வந்துச்சு: ஏ.எல்.எஸ். நோயாளிகள் சிலருக்கும் இதே ஜீன்ல கோளாறு. ஏ.எல்.எஸ்.னா ஸ்டீபன் ஹாக்கிங்கை வீல் சேர்ல உக்கார வச்ச நோய். கண்ணு எங்க, கைகால் நரம்பு எங்க?

ஆப்டினியூரின் என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சா இது புரியும். நம்ம தெருவுல குப்பை வண்டி வரும்ல, அதுல ஒருத்தர் தொட்டியைப் பார்த்துத் தூக்கி வண்டில போடுவார். செல்லுக்குள்ள அந்த ஆள்தான் ஆப்டினியூரின். உடைஞ்ச புரதம், ரிப்பேரான மைட்டோகாண்ட்ரியா இதையெல்லாம் அடையாளம் பார்த்துப் பையில கட்டி அழிக்கற இடத்துக்கு அனுப்பும். அந்த ஆளுக்கு விசில் அடிச்சு "தூக்கு"ன்னு சொல்ற மேஸ்திரி ஒருத்தர் உண்டு. அந்த மேஸ்திரிக்குப் பேர் டி.பி.கே.1. 2008லயே ஸ்காட்லாந்து டண்டீல பார்த்திருக்காங்க, கிளாகோமா குடும்பங்கள்ல இருக்கற ஆப்டினியூரின் கோளாறு இந்த மேஸ்திரியை அளவுக்கு மீறி ஒட்டிப் பிடிச்சுக்குது. 2011ல் ஜான் ஃபிங்கர்ட் (இவரும் அயோவா) ஒரு கறுப்பின அமெரிக்கக் குடும்பத்துல பிரஷர் ஏறாத கிளாகோமாவுக்குக் காரணம் தேடினார். டி.பி.கே.1 ஜீன்ல எழுத்துப் பிழை இல்லை, அந்த ஜீனே ஒரு காப்பி எக்ஸ்ட்ராவா இருந்துச்சு!

2015ல் ரெண்டு பெரிய குழுக்கள் தனித்தனியா சொன்னாங்க: டி.பி.கே.1ல ஒரு காப்பி வேலை செய்யலைன்னா ஏ.எல்.எஸ். வரலாம், முன்மூளை மறதி நோயும் வரலாம். அதாவது மேஸ்திரி அதிகமானா கண் நரம்பு சாகுது, குறைஞ்சா மூளை நரம்பு சாகுது. நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடி படிச்ச இடம் இது. அப்பா கேட்டது வெறும் வாட்ஸப் வதந்தி இல்லை. கிளாகோமாவுக்கும் டிமென்ஷியாவுக்கும் நடுவுல நிஜமாவே ஒரு ஜீன் பாலம் இருக்கு.

ஆனா அந்தப் பாலத்துல ரொம்பக் கொஞ்சம் பேர்தான் நிக்கிறாங்க. ஆப்டினியூரின், டி.பி.கே.1 ரெண்டும் பிரஷர் ஏறாத கிளாகோமாவுலயே நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். அதுலயும் கண்ணைக் கெடுக்கற கோளாறும் மூளையைக் கெடுக்கற கோளாறும் எதிரெதிர் திசைல போறவை. போதாக்குறைக்கு அந்த முன்மூளை நோய்ல முதல்ல மாறறது குணமும் பேச்சும். ஆச்சிக்கு அப்படி இல்லை. எங்க எல்லாரையும் மறந்த பின்னாடியும் வந்தவங்களை "சாப்பிட்டியா"ன்னு கேக்கற குணம் கடைசி வரைக்கும் அப்படியே இருந்துச்சு. அவங்களுக்கு வந்தது அல்சைமர்னுதான் டாக்டர் சொன்னார்.

சரி, அல்சைமருக்கும் கிளாகோமாவுக்கும்? இங்கதான் ஐம்பது வீடு கதை கேக்கணும். 1986ல் அமெரிக்காவில் ஹின்டன், சாடுன் முதலானவங்க அல்சைமர்ல இறந்தவங்களோட பார்வை நரம்பை வெட்டிப் பார்த்தாங்க. பத்துல எட்டுப் பேருக்கு நார்கள் அழிஞ்சிருந்துச்சு. 2002ல் ஜெர்மனில முதியோர் இல்லங்கள்ல எண்ணிப் பார்த்தா, அல்சைமர்காரங்கள்ல 25.9 சதவீதம் பேருக்கு கிளாகோமா, மத்தவங்கள்ல 5.2. 2006ல் ஜப்பான்லயும் 23.8க்கு 9.9. அடேயப்பான்னு இருந்துச்சு. 2007ல் டென்மார்க்கோட தேசியப் பதிவேட்டைப் புரட்டினாங்க, ஒரு தொடர்பும் இல்லை. 2015ல் இங்கிலாந்து ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் பார்த்தாங்க, அங்கயும் அல்சைமரோட தொடர்பு இல்லை. 2019ல் சியாட்டில்ல வயசானவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்த ஆய்வு, கொஞ்சம் இருக்குன்னுது.

என் சொந்தக் கருத்து, திட்டறவங்க திட்டலாம்: எண்ணிப் பார்க்கற முறையிலயே சிக்கல் இருக்கு. அந்த பீல்ட் டெஸ்ட்ல அப்பா பக்கத்துல நான் எத்தனையோ தடவை நின்னிருக்கேன். புள்ளி தெரிஞ்சா அமுக்கணும்னு ஞாபகம் வச்சிருந்தாத்தானே அமுக்க முடியும்? ஆச்சியை அதுல உக்கார வச்சா ரெண்டு கண்ணும் போச்சுன்னு ரிப்போர்ட் வந்திருக்கும். தலைகீழாவும் பாருங்க. கண்ணு தெரியாத பெரியவருக்கு ஞாபக சக்தி டெஸ்ட் வச்சா மார்க் குறையத்தான் செய்யும். அல்சைமர்லயே பார்வை நரம்பு மெலியும்னா, அதைப் பார்த்துட்டு கிளாகோமான்னு எழுதிடவும் வாய்ப்பு இருக்கு.

ஆளை எண்றதைவிட ஜீனை எண்றது மேல்னு இப்ப எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டாங்க. 2021ல் முப்பத்தி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கிளாகோமாக்காரங்களோட மரபணுவைச் சலிச்சு 127 இடங்களைக் குறிச்சாங்க. ஒவ்வொண்ணும் துளித்துளி ரிஸ்க்தான், மையோசிலின் மாதிரி ஒத்தை ஆளா அடிக்கறது இல்லை. 2019ல் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள்கிட்ட கிடைச்ச ஒரு இடம், அல்சைமர் அமிலாய்டுக்குத் தாய்ப்புரதமான ஏ.பி.பி.யோட ஒட்டிப் பழகற ஒரு ஜீன்ல இருந்துச்சு. சரி, சொந்தம் நெருங்குதுன்னு நானும் நினைச்சேன்.

அப்பதான் ஏபோஇ வந்து கதையையே கவுத்துச்சு.

அல்சைமருக்கு இருக்கற மரபணு ரிஸ்க்குகள்ல பெரிய தலை இதான். 1993ல் டியூக் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. இதுல நாலாம் நம்பர் வகை இருந்தா அல்சைமர் ரிஸ்க் ஏறும். இரட்டைச் சுருள் புகழ் ஜேம்ஸ் வாட்சன் 2007ல் தன்னோட முழு மரபணுவையும் உலகமே பார்க்கட்டும்னு திறந்து வச்சார், ஆனா இந்த ஒரு ஜீனை மட்டும் மறைச்சுருங்கன்னுட்டார். அவரோட பாட்டிக்கு அல்சைமர். தெரிஞ்சு என்ன பண்ண, மருந்தா இருக்குன்னு. அப்புறம் ஆஸ்திரேலியாக்காரங்க, பக்கத்து எழுத்துக்களைப் பார்த்தே அதை ஊகிச்சுடலாம்னு சொன்னதும் பக்கத்தையும் சேர்த்து மறைச்சாங்க. பிரெஞ்சுக் கிராமத்துக்குக் கோபப்பட்ட நான் வாட்சனுக்குக் கோபப்படலை. பாட்டியைப் பார்த்தவனுக்குத்தான் அந்த பயம் புரியும்.

அந்த நாலாம் நம்பர் கிளாகோமாவுக்கு என்ன பண்ணுதுன்னா, ரிஸ்க்கைக் குறைக்குது! 2022ல் பாஸ்டன்ல மிலிசா மார்கெட்டாவும் சகாக்களும் எலிகள்ல ஏன்னு காட்டினாங்க. கிளாகோமால விழித்திரைக்குள்ள இருக்கற துப்புரவு செல்கள் வெறி பிடிச்ச மாதிரி மாறி, நல்ல நரம்பு செல்லையும் சேர்த்துக் காலி பண்ணுது. நாலாம் நம்பர் ஏபோஇ இருந்தா அந்த வெறி பிடிக்கறது இல்லை. மூளைல கெட்ட பேர் வாங்கின ஜீன் கண்ணுல காவல்காரன்.

அதனால அப்பாவுக்கு நான் என்ன சொன்னேன்னா: "ஆச்சிக்கு வந்ததுக்கும் உங்க கண்ணுக்கும் ஒரே ஜீன் காரணம்னு சொல்ல ஆதாரம் இல்லை. பெரிய ஜீன் தலைகீழாத்தான் போகுது. மறதி உங்களுக்கு வராதுன்னு நான் எழுதித் தர முடியாது, ஆச்சி பிள்ளைங்கறதால கொஞ்சம் ரிஸ்க் உண்டு. ஆனா அது கண்ணால வர்றது இல்லை." அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப சொட்டு மருந்து மறந்தா அது வெறும் மறதிதான், நோய் இல்ல, என்னா?"ன்னார். :-)

முடிச்சிருப்பேன். ஆனா இதெல்லாம் படிக்கறப்ப ராட்டர்டாம் ஆய்வு ஒண்ணு கண்ல பட்டுச்சு, 1998. கிளாகோமாக்காரங்களோட கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்களை எல்லாம் கூப்பிட்டுப் பார்த்திருக்காங்க. எண்பது வயசுக்குள்ள வர்ற வாய்ப்பு அவங்களுக்கு 22 சதவீதம், மத்தவங்களுக்கு 2.3. கிட்டத்தட்ட பத்து மடங்கு. நம்ம பக்கம் தென் தமிழகத்துல மூணு மாவட்டக் கிராமங்கள்ல அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தின ஆய்வு 2003ல் வந்துச்சு. நாப்பது தாண்டினவங்கள்ல 2.6 சதவீதம் பேருக்கு கிளாகோமா. அதுல பத்துக்கு ஒம்பது பேருக்கு மேல, சோதிக்கற வரைக்கும் தனக்கு இருக்குன்னே தெரியாது. அப்பாவும் அப்படித்தான். ரெண்டு வருஷத்துல மூணு தடவை கண்ணாடி மாத்தினார், கண்ணாடி போட்டுக் குடுத்த ஒரு இடத்துலயும் யாரும் நரம்பைப் பார்க்கலை. "ஓரத்துல வர்ற பைக்கு திடீர்னு முளைக்குல"ன்னு அவர் சொன்னதை நாங்களும் காதுல வாங்கலை.

எனக்கு வயசு 46. இந்த ஏழு வருஷமா அவரைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கேனே தவிர, ஒரு தடவை கூட என் கண்ணைக் காமிச்சதில்லை.

போன செவ்வாய்க்கிழமை போனேன். அப்பா நானும் வர்றேன்னு வந்துட்டார். பிரஷர் வலதுல 22, இடதுல 20. பாப்பா விரிய மருந்து ஊத்திப் பார்த்தாங்க. வலது நரம்புல குழி கொஞ்சம் பெருசாத் தெரியுது, பிறவிலயே அப்படியும் இருக்கலாம், இப்பவே மருந்து வேண்டாம், நாலு மாசத்துல பீல்ட் டெஸ்ட்டுக்கு வாங்கன்னு சொன்னாங்க. வெளில வந்தா வெயில் கண்ணைக் குத்துது, போன்ல ஆட்டோவுக்குப் பதியக்கூட எழுத்து தெரியலை. அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டார். இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவைன்னு தலையை முழுசாத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இப்ப வா"ன்னு ரோட்டைத் தாண்டிவிட்டார்.